கூத்துக்கு மறுவாழ்வளித்த பேராசிரியர் வித்தியானந்தன்

ஹல்துமுல்லைக் கடைத்தெருவினூடாகச் செல்லும் நெடுஞ்சாலை வெல்லவாயாவுக்கு இறங்கி, மொனராகலையைக் கடந்து, ஈற்றில் மட்டக்களப்பைச் சென்றடைகின்றது. அச்சாலையின் அந்தத்திலுள்ள ஊர்களில் வழங்கிய கூத்துக் கலைக்குப் பேராதனையிலே புத்துருக் கொடுத்து மேடையேற்றியவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். அன்னாரின் வாழ்க்கையை இம்மலரில் எழுதப் புகுந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

1924ஆம் ஆண்டு மே மாதம் 8ஆந் தேதி யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையிலே அவர் பிறந்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுத் தேறி, அங்கேயே விரிவுரையாளராய் அமர்ந்தார். பின்னர் இலண்டன் சென்று பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950இல் கலாநிதிப் பட்டம் பெற்று மீண்டார். 1954இல் வெளிவந்த அவரது தமிழர் சால்பு என்னும் நூலைச் சங்க இலக்கியம் கற்போர் நன்கறிவர். ஏட்டறிவிலே இத்துணை ஊறிய ஒருவர், எழுத்தறிவு குறைந்த உழவரும் தொழிலாளரும் இரவிரவாக ஆடிய கூத்தைத் தேடிச் சென்றாரென்பதே இவ்வரலாற்றில் நாம் நின்று நோக்கவேண்டிய இடம்.

நாடகப் பயிற்சி அவருக்குப் புதிதன்று. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலே எழுதிய நாடகங்களைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு தயாரித்தவர் அவரே. எனினும் அவை வசன நாடகங்கள்; பாட்டும் ஆட்டமும் தாளமும் ஒன்றாகிய அரங்கம் அவற்றில் இல்லை.

அத்தகைய அரங்கமோ மட்டக்களப்பிலே வடமோடி, தென்மோடி என இருவகையாக நிலைபெற்றிருந்தது. வடமோடி பெரும்பாலும் போர்க்கதை. தென்மோடி பெரும்பாலும் காதற்கதை. ஊரின் நடுவே வட்டக்களரி அமைப்பர். அண்ணாவியார் மத்தளத்தோடு அதன் நடுவில் நிற்பார். தாளமும் பிற்பாட்டும் அவரைச் சூழ்ந்திருக்கும். ஆடுவோர் அவரைச் சுற்றி ஆட, ஊரார் களரியைச் சுற்றி அமர்ந்து காண்பர். ஒரு கூத்தைப் பழக மாதக் கணக்காகும். சட்டம் கொடுத்தல், ஆட்டம் பழக்குதல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்று ஒவ்வொரு படியும் ஊர்ச் சடங்காகவே நிகழ்ந்து, அரங்கேற்றத்தில் முடியும். மாலையில் தொடங்கும் ஆட்டம் விடியும் வரை செல்லும். அரசனுக்கு வரவு, அமைச்சனுக்கு வரவு, கட்டியகாரனுக்கு வரவு என ஒவ்வொரு பாத்திரமும் தனக்குரிய தாளக்கட்டோடு புகுந்து ஆடி முடிக்கவே நெடுநேரம் பிடிக்கும். பெண் வேடமும் ஆடவரே தாங்குவர். 1950களிலே படித்தோர் பலர் இதனை நாகரிகமற்ற பழங்கூத்தென்று ஒதுக்கியிருந்தனர். சினிமாவும் மெல்ல மெல்ல அதன் களரியைக் கவர்ந்துகொண்டிருந்தது.

இந்நிலையில், 1956இல் எதிரிவீர சரச்சந்திர மனமே என்னும் சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். அம்பலாங்கொடையிலே எஞ்சியிருந்த நாடகம என்னும் பழைய பாட்டுக்கூத்தைப் பயின்று, அதன் இசையையும் அசைவையும் கொண்டு அவர் அமைத்த அந்நாடகம் சிங்கள அரங்கின் போக்கையே மாற்றிற்று. அந்த நாடகமவின் வேர் தமிழ்க் கூத்திலே உள்ளதென்பது அறிஞர் பலரின் கொள்கை. கிளை தளிர்க்கும்போது வேர் வாடுவதா என்ற எண்ணம் வித்தியானந்தனைத் தூண்டியிருத்தல் வேண்டும்.

கலைக்கழகத்துத் தமிழ் நாடகக் குழுவின் தலைமை அவரிடம் வந்தது. அப்பதவியை விழா மேடைகளிலே மாலை சூட்டிக்கொள்வதற்கு அவர் பயன்படுத்தவில்லை. மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் சென்றார், அண்ணாவிமாரைக் கண்டார், கூத்துப் போட்டிகளை நடத்துவித்தார், ஏடுகளிலே கிடந்தவற்றைப் பதிப்பித்தார். அலங்காரரூபன், மூவிராசர், என்றீக் எம்பரதோர், ஞானசவுந்தரி ஆகியன அவர் பதிப்பால் அச்சேறியவை. இவற்றுள் கடைசி மூன்றும் கத்தோலிக்கர் ஆடிய கூத்துக்கள். கலையிலே சமயப் பாகுபாடு காணாத அவரது உள்ளத்துக்கு இதுவே போதிய சான்று.

1962இல் கர்ணன் போர் என்னும் வடமோடிக் கூத்தைப் பேராதனை மாணவரைக் கொண்டு மேடையேற்ற அவர் துணிந்தார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் மாணவருக்கு ஆட்டம் பழக்கினார். பட்டதாரியாகப் போகும் பிள்ளைகள் ஏட்டறிவு கொண்டு மதிப்பிட முடியாத ஒருவரைக் குருவாக ஏற்றுக் கால் எடுத்து வைத்துப் பழகினர். பேராசிரியரும் மாணவர்போல உடனிருந்து கற்றுக்கொண்டே மாற்றங்களைச் செய்தார். விடியும் வரை சென்ற கூத்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கிற்று. திரும்பத் திரும்ப வந்த பாட்டுக்களும் நீண்ட வரவுகளும் குறைக்கப்பட்டன. சிதைந்திருந்த சொற்கள் திருத்தப்பட்டன. நாற்புறமும் காணத்தக்கதாயிருந்த ஆட்டம் ஒருபுறம் நோக்கிய மேடைக்கு அமைக்கப்பட்டது. மத்தளமும் பிற்பாட்டும் மேடையின் ஓரத்தே இடம் பெற்றன. பெண் பாத்திரங்களை மாணவியரே ஏற்றனர். ஒளியமைப்பும் சேர்ந்தது. ஆயின் தாளக்கட்டிலும் ஆட்டத்திலும் பாட்டின் மெட்டிலும் அவர் கைவைக்கவில்லை. அவற்றை நீக்கினால் எஞ்சுவது கூத்தாகாது என்பதை அண்ணாவியாரிடமிருந்தே அவர் அறிந்திருந்தார்.

நான் கூறுவதாகச் சொன்ன காரணம் இவ்விடத்துக்குரியது. எங்கள் தோட்டங்களிலே மாசி மாதத்திற் காமன் கூத்து நடைபெறும். கம்பம் ஊன்றி, இரதியும் மன்மதனும் தப்பொலியோடு லயம் லயமாக வலம் வந்து, காமன் பொட்டலிலே விடியும்வரை ஆடுவர். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் போட்டியொன்றுக்காக அதனைச் சில நிமிட ஆட்டமாக யானே சுருக்கினேன். நேரம் போதாமையால் இரதியின் புலம்பலை முற்றாக நீக்கிவிட்டேன். ஒத்திகை பார்க்க வந்திருந்த முதிய கூத்து வாத்தியார் ஒன்றும் சொல்லாது எழுந்து போனார். அக்கூத்தின் உயிரே அப்புலம்பல் என்பதை அவரைக் கேட்டிருந்தாற் சொல்லியிருப்பார்; யான் கேட்கவில்லை. வித்தியானந்தன் கேட்டார். எதனைக் குறைக்கலாம் என்பது மேடையறிந்தவன் தீர்மானிக்கக் கூடியது. எதனைக் குறைக்கலாகாது என்பது ஆடியவர்க்கே தெரியும்.

கர்ணன் போரைத் தொடர்ந்து நொண்டி நாடகமும், பின்னர் இராவணேசனும் வாலிவதையும் மேடையேறின. இவற்றுள் இராவணேசனே தலையாயது. முன்னையவை பழம் பிரதிகளைச் செப்பனிட்டவை. இதுவோ கம்பனின் யுத்த காண்டத்தை அடியொற்றி வடமோடி மெட்டுக்களிலே புதிதாக யாக்கப்பட்டது. கூத்திலே பாத்திரங்கள் வருவர், ஆடுவர், போர் செய்வர், மடிவர். இராவணேசனிலோ சுற்றமும் படையும் ஒவ்வொன்றாய் இழந்தும் தன் செருக்கை இழக்கமாட்டாத ஒரு மன்னனின் மனப் போராட்டமே நாடகமாயிற்று. வடமோடியின் வீர ஆட்டம் உள்ளத்தின் துயரையும் ஏந்தவல்லது என்பது அன்று புலனாயிற்று. இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு, இளமையிலேயே ஊர்க் கூத்தில் ஆடிப் பழகியவர்.

குறை சொன்னோரும் இருந்தனர். ஊர் முழுதும் கூடி ஆடியதைச் சீட்டு வாங்கி நாற்காலியிலிருந்து பார்ப்பதாக்கிவிட்டார் என்றனர் சிலர். உருவம் புதிதாயினும் கதை இன்னும் மன்னர் கதையே என்றனர் வேறு சிலர். முதற் குறையிலே உண்மை இல்லாமலில்லை. களரியோடு ஊர்ச் சடங்குகளும் பின்தங்கி விட்டன. இரண்டாவதற்கு விடை அவரிடம் பழகியவர்களிடமிருந்தே வந்தது. 1969இல் மௌனகுரு ஆக்கிய சங்காரம் வடமோடி ஆட்டத்தைக் கொண்டே வர்க்கப் போராட்டத்தைப் பேசிற்று.

பிற்காலத்தே வித்தியானந்தனைப் பொறுப்புக்கள் சூழ்ந்துகொண்டன. 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைத் தலைமை தாங்கி நடத்தினார். 1977இல் யாழ்ப்பாண வளாகத்தின் தலைவராய், 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தராய்ப் பணியேற்று, மிகவும் நெருக்கடியான ஆண்டுகளில் அதனைக் காத்தார். 1989ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே காலமானார்.

பல்கலைக்கழக நாடகத்துக்கு ஓர் இடர் உண்டு. ஆடிய மாணவர் பட்டம் பெற்றுப் பிரிந்ததும் நாடகமும் பிரிந்துவிடும். இராவணேசனும் நெடுங்காலம் அவ்வாறே கிடந்தது. பல பத்தாண்டுகளின் பின், பேராசிரியராகிவிட்ட மௌனகுரு அதனை மட்டக்களப்பிலே மீண்டும் எடுத்து, பிரதியைத் திருத்தி, தாம் ஆடிய இராவணனைப் புதிய தலைமுறை மாணவர் ஒருவருக்குப் பழக்கி மேடையேற்றினார். பேராதனை மேடையிலே செல்லையா அண்ணாவியாரிடம் மாணவர் பெற்றுக்கொண்ட ஆட்டம், அது புறப்பட்ட மண்ணுக்கே அவ்வாறு திரும்பிற்று.