கோபாலகிருஷ்ண பாரதியார்

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில், இசையிற் சிறந்த குடும்பம் ஒன்றில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். முடிகொண்டான், ஆனந்த தாண்டவபுரம் முதலிய ஊர்களில் வாழ்ந்த அவர், மாயூரத்தில் வேதாந்த நூல்களைக் கற்றார்; இந்துஸ்தானி இசையையும் முறையாகப் பயின்றார். இல்லறத்தை அவர் மேற்கொள்ளவில்லை.

பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வரலாறு 37 பாடல்களில் அடங்கியுள்ளது. அதனைப் பாரதியார் பலரும் கேட்டு மகிழும் கதைப்பாட்டாக விரித்தார். தில்லையைக் காண விழையும் பண்ணையாளையும், விடைகொடுக்க மறுக்கும் வேதியரையும் எதிரெதிர் நிறுத்தினார். அவ்வேதியர் சேக்கிழார் நூலில் இல்லாதவர், பாரதியாரே படைத்துக்கொண்டவர். கீர்த்தனை, கண்ணி, நொண்டிச்சிந்து என்னும் பல வடிவங்களில் அமைந்த அப்பாடல்களை எழுத்தறியாதாரும் ஒருமுறை கேட்டு மனத்திற் பதித்துக்கொண்டனர்.

நூலை அச்சிடும் காலம் வந்தது. அந்நாளில் பெரும்புலவர் ஒருவரின் சிறப்புப்பாயிரம் இல்லாத நூல் கற்றோர் அவையில் மதிப்புப் பெறுவது அரிது. மாயூரத்தில் அப்போது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாழ்ந்துவந்தார். அவரிடம் பாரதியார் பாயிரம் வேண்டினார். பிள்ளையவர்களோ யாப்பிலும் சொல்லிலும் சிறு வழுவையும் பொறாதவர். கீர்த்தனைகளில் இலக்கணப் பிழைகள் மலிந்திருந்தமையால் அவர் உள்ளம் இசையவில்லை. மறுத்துரைக்கவும் மனமின்றி, நாள்களைக் கடத்திவந்தார். பாரதியாரும் சலியாது பன்முறை வந்து மீண்டார்.

ஒருநாள் நண்பகல். பிள்ளையவர்கள் உள்ளே இளைப்பாறிக்கொண்டிருந்தார். திண்ணையில் அமர்ந்திருந்த பாரதியார், காத்திருக்கும் பொழுது வீணாகாதவாறு தம் கீர்த்தனை ஒன்றை மெல்லப் பாடத் தொடங்கினார். பாட்டில் ஆழ்ந்து தம்மையே மறந்தார். ஏட்டில் பார்த்தபோது குறையாகத் தோன்றிய சொற்கள், இப்போது இராகத்தோடும் தாளத்தோடும் செவியிற் புகுந்தன. பிள்ளையவர்களின் நெஞ்சு உருகிற்று, கண்கள் கலங்கின. இத்தகைய அன்பரை இத்தனை நாள் அலையவிட்டோமே என வருந்தி வெளியே வந்து, பாயிரம் அளித்தார். பிழைகள் பிழைகளாகவே இருந்தன என்பது உண்மையே. ஆயினும், பாடுவதற்கென்று பிறந்த பாட்டைப் பாடக் கேளாமலே அவர் அதுவரை மதிப்பிட்டிருந்தார். நந்தனார் சரித்திரம் 1860களின் தொடக்கத்தில் காரைக்காலில் வாழ்ந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் உதவியால் அச்சேறியது.

எனினும் புலமைக்கும் இசைக்கும் இடையே இருந்த வேலி முற்றும் நீங்கிவிடவில்லை. 1871இல் பிள்ளையவர்களிடம் மாணவராகச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர், மாயூரத்தில் பாரதியாரிடம் இசையும் பயின்றுவந்தார். அதனை அறிந்த பிள்ளையவர்கள், இசையில் மிகுதியாக ஈடுபட்டால் இலக்கண இலக்கியப் பயிற்சி தளரும் எனக் கருதினார். ஆசிரியரின் குறிப்பை உணர்ந்த மாணவர் இசைப்பாடத்தை நிறுத்திவிட்டார். பிற்காலத்தில் சங்க நூல்களை ஏட்டுச்சுவடிகளிலிருந்து பதிப்பித்துப் புகழ்பெற்ற அவரே, தம் முதுமையில், 1936ஆம் ஆண்டில், கோபாலகிருஷ்ண பாரதியாரின் வரலாற்றைத் தனி நூலாக எழுதி வெளியிட்டார்.