மரத்துக்குள் செல்லுலோஸைக் கண்டவர்: யார் இந்த அன்செல்ம் பாயன்?

பருத்திச் சட்டை, காகிதம், தெருவோர வேப்பமரம். மூன்றிலும் இருக்கும் முக்கியமான பொருள் ஒன்றுதான்: செல்லுலோஸ். அதை முதலில் தனியாகப் பிரித்துக் காட்டியவர் பிரான்ஸைச் சேர்ந்த அன்செல்ம் பாயன்.

1795-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா ரசாயன ஆலைகள் நடத்தியவர் என்பதால், இருபதுகளிலேயே போராக்ஸ் ஆலையைக் கவனிக்க வந்துவிட்டார். அப்போது போராக்ஸ் வியாபாரம் டச்சுக்காரர்கள் கையில். போரிக் அமிலத்திலிருந்தே அதைத் தயாரித்து, அவர்களைவிடக் குறைந்த விலைக்கு விற்றார் பாயன்.

1833-ல் பெர்சோஸ் என்பவருடன் சேர்ந்து, முளைகட்டிய தானியத்திலிருந்து டயஸ்டேஸைப் பிரித்தார். தனியே பிரிக்கப்பட்ட முதல் நொதி அதுதான். மாவுச்சத்தை வெதுவெதுப்பான நீரிலேயே சர்க்கரையாக்கிவிடும், அமிலமே வேண்டாம்.

மரம் அவ்வளவு லேசில் மசியவில்லை. அதற்கு நைட்ரிக் அமிலமும் காரமும் தேவைப்பட்டன. மற்றதெல்லாம் கரைந்துபோக, மிஞ்சிய நார் எந்தச் செடியை எடுத்தாலும் ஒன்றாகவே இருந்தது. அலசிப் பார்த்தால் இன்னொரு ஆச்சரியம்: மாவுச்சத்தில் இருக்கும் அதே தனிமங்கள், அதே விகிதத்தில். ஆனால் இட்லி நமக்குச் செரிக்கும், பஞ்சு செரிக்காதே! குளுக்கோஸ் மூலக்கூறுகள் கைகோக்கும் விதம் வேறு என்பது அவர் காலத்துக்குப் பிறகுதான் புரிந்தது.

1838-ல் இதை அறிவித்தார். செல்லுலோஸ் என்ற பெயர் மறு ஆண்டே அச்சேறியது. 1871 மே மாதம், பாரிஸ் கம்யூன் கொந்தளிப்புக்கு நடுவே பாயன் காலமானார்.

அமிலம் மட்டும் இந்தத் துறையை விட்டுப் போகவில்லை. செல்லுலோஸ் நாரில் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிய இடங்களும் உண்டு, கலைந்து கிடக்கும் இடங்களும் உண்டு. அடர் கந்தக அமிலம் கலைந்த பகுதியை அரித்துவிட்டால், மிச்சமிருப்பது நானோ படிகம். பிளாஸ்டிக்குக்கு வலு சேர்க்க உதவும் சரக்கு. 1950-ஐ ஒட்டி ஸ்வீடனில் தொடங்கிய முறை இது. சிக்கல், அந்த அமிலத்தைக் கழுவ ஏகப்பட்ட தண்ணீர் வேண்டும். அமிலத்தைத் திரும்ப எடுப்பதும் பெரும் செலவு.

அதனால்தான் இப்போது வேறு கரைப்பான்களைச் சோதிக்கிறார்கள். கோழித் தீவனத்தில் சேர்க்கும் கோலின் குளோரைடு, பசலைக்கீரையிலும் இருக்கும் ஆக்சாலிக் அமிலம். இரண்டுமே திடப்பொருள்கள்தான். கலந்து சூடாக்கினால் திரவமாகிவிடும். வேலை முடிந்ததும் மீட்டு மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் கந்தக அமிலத்தில் போல படிகங்கள் தாமாக எளிதில் பிரிந்து வராது. பெரும்பாலும் இயந்திரத்தில் போட்டு உடைத்துத்தான் பிரிக்க வேண்டும். தண்ணீரில் மிச்சமானதில் ஒரு பங்கு கரண்ட் பில்லில் போய்விடுகிறது.