சூட்டோடு மல்லுக்கட்டிய சீமோர் க்ரே

ராத்திரி ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிச்சுக்கிட்டு இருக்கும்போது மேசைக்கு அடியில 'உய்ங்'னு ஒரு சத்தம் வருமே, கவனிச்சிருக்கீங்களா? பல சமயம் அது பவர் சப்ளையோட ஃபேன். அந்தப் பெட்டி கம்ப்யூட்டருக்கு 400 வாட் கொடுக்குது, அதன் செயல்திறன் 80 சதவீதம்னு வெச்சுக்கோங்க. பிளக்கில் இருந்து அது 500 வாட் இழுக்கும். மிச்சம் 100 வாட் பெட்டிக்குள்ளேயே சூடாகிவிடும். ஒரு பழைய குண்டு பல்பை டப்பாவுக்குள் எரியவிட்ட மாதிரி.

100 வாட்டுக்கே இந்தச் சத்தம். 1,15,000 வாட்டை ஒருத்தர் சமாளிச்சார். அவர்தான் சீமோர் க்ரே.

1925-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், சிப்பேவா ஃபால்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா சிவில் இன்ஜினியர். இரண்டாம் உலகப் போரில் ரேடியோ ஆபரேட்டர் வேலை. திரும்பி வந்து மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிக்கல் படித்தார். (ட்ரிபிள்-இ மக்கள் காலரைத் தூக்கி விட்டுக்கலாம்!)

1964-ல் அவர் வடிவமைத்த சிடிசி 6600 வந்தது. அன்றைக்கு உலகத்திலேயே வேகமான கம்ப்யூட்டர் அதுதான். அதைக் குளிர வைக்க, அந்தக் காலத்து ஃப்ரிட்ஜில் இருந்த அதே ஃப்ரியானை ஓடவிட்டார்கள்.

ஏன் இவ்வளவு சூடு? ஒரு நானோ செகண்டில் சிக்னல் 30 செ.மீ. கூடப் போகாது. அதனால வேகம் வேணும்னா வயரைக் குறைக்கணும், எல்லாத்தையும் நெருக்கி அடுக்கணும். நெருக்கினால் சூடு வெளியே போக வழி இருக்காது. க்ரே வாழ்நாள் முழுக்க மோதியது இந்தச் சிக்கலோடுதான்.

1972-ல் சொந்தக் கம்பெனி. 1976-ல் க்ரே-1. வயர் எதுவும் 4 அடியைத் தாண்டக் கூடாதுன்னு 'சி' எழுத்து வடிவில் ஒரு கோபுரம். அதைச் சுற்றி மெத்தை போட்ட பெஞ்சு. பார்த்தால் சோபா மாதிரி இருக்கும். உள்ளே இருந்தது பவர் சப்ளைகள்! போர்டுகளின் சூட்டைச் செம்புத் தகடுகள் ஓரத்துக்குக் கடத்தும். அங்கே குழாயில் ஓடும் ஃப்ரியான் அதை வாங்கிக்கொள்ளும்.

ஆனா முதல் மெஷின் சொதப்பியது. ஃப்ரியானில் கலந்திருந்த எண்ணெய் குழாயில் இருந்து கசிந்து, போர்டுகள் மேல் படிந்து, ஷார்ட் ஆனது. வெல்டிங் முறையையே மாற்றிச் சரிசெய்ய ஆறு மாசம் தாமதம். சர்க்யூட்டில் தப்பே இல்லை, வேலையை நிறுத்தியது ஒரு வெல்டிங்!

1985-ல் வந்த க்ரே-2-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். மின்சாரம் கடத்தாத திரவத்துக்குள் போர்டுகளையே முக்கி வைத்துவிட்டார்.

அடுத்து வந்த க்ரே-3-ஐ விலை கொடுத்து வாங்க ஆள் கிடைக்கவில்லை. 1995-ல் அந்தக் கம்பெனி திவால். மனுஷன் விடவில்லை, அடுத்த வருஷமே புதுசாக இன்னொன்று ஆரம்பித்தார். அதே 1996 செப்டம்பரில் கார் விபத்து. அக்டோபர் 5-ம் தேதி இறந்தார். வயது 71.

நாம சர்க்யூட் எல்லாம் முடிச்சு, பெட்டியை மூடின பிறகுதான் சூட்டைப் பத்தி யோசிக்கிறோம். க்ரே சர்க்யூட்டோடு சேர்த்தே குழாயையும் வரைந்தார். இந்த வருஷ ப்ராஜெக்ட் பெட்டிக்கு மூடி போடுறதுக்கு முன்னாடி, காத்து எந்தப் பக்கம் உள்ளே வருது, எந்தப் பக்கம் வெளியே போகுதுன்னு ஒரு தடவை பாருங்க. அப்படியே மேசைக்கு அடியில இருக்கிற பவர் சப்ளையோட தூசியையும், பிளக்கைப் பிடுங்கிட்டு, வெளியில இருந்தே துடைச்சு விடுங்க. பெட்டியை மட்டும் திறக்காதீங்க, கெப்பாசிட்டர்ல சார்ஜ் மிச்சம் இருக்கும்!