ருவான் லிங்யூ
ருவான் லிங்யூ (ஏப்ரல் 26, 1910 – மார்ச் 8, 1935) சீனாவின் ஊமைப்படக் காலத்தைச் சேர்ந்த புகழ்பெற்ற நடிகை ஆவார். 1930களில் சீனத் திரைப்படத் துறையின் மையமாக விளங்கிய சாங்காய் நகரில் இவர் நடித்தார். தேவதை (1934), புதிய பெண்கள் (1935) ஆகியவை இவரது முக்கியமான படங்கள். இவர் தமது 24ஆம் அகவையில் இறந்தார்.

இளமை

சாங்காயில் குடியேறிய குவாங்டாங் மாகாணத்துத் தொழிலாளர் குடும்பமொன்றில் ருவான் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் செல்வர் வீடொன்றில் பணிப்பெண்ணாக வேலை செய்து மகளைப் படிக்க வைத்தார். அவ்வீட்டு முதலாளியின் மகனான சாங் தாமின் என்பவருடன் ருவான் பதின்ம வயதில் சேர்ந்து வாழத் தொடங்கினார். சாங் சூதாட்டத்தில் பணத்தை இழந்து வந்தமையால், குடும்பச் செலவு நாளடைவில் ருவானின் ஊதியத்தையே சார்ந்திருந்தது.

திரைப்படத் துறையில்

1926ல் மிங்சிங் நிறுவனத்தில் சேர்ந்த ருவான், பூ வன்சாங் இயக்கத்தில் முதற்படத்தில் நடித்தார். அங்கு இவருக்குப் பெரிய வாய்ப்புகள் கிட்டவில்லை. 1930ல் தொடங்கப்பட்ட லியன்ஹுவா நிறுவனமே இவரை முன்னணி நடிகையாக்கியது. அந்நிறுவனத்துக்காகச் சுன் யூ இயக்கிய காட்டுப்பூக்கள் (1930) படத்திற்காக இவரும் நடிகர் ஜின் யானும் பாடிய பாடல் இசைத்தட்டில் பதிவு செய்யப்பட்டது. ஊமைப்பட நடிகையாகவே அறியப்படும் இவரது குரல் இவ்வாறு பதிவானது குறிப்பிடத்தக்கது. காதலும் கடமையும் (1931) படத்தில் தாய், மகள் ஆகிய இரு வேடங்களையும் இவரே ஏற்றார்.

சுன் யூவின் சிறு பொம்மைகள் (1933) படத்தில், பொம்மை செய்து பிழைக்கும் நாட்டுப்புறப் பெண்ணாக நடித்தார். கணவனையும் மகனையும் இழக்கும் அப்பெண், இறுதியில் போரில் மகளையும் பறிகொடுக்கிறாள். மகளாக நடித்தவர் லீ லீலி.

வூ யொங்காங்கின் முதற்படமான தேவதை, இவரது நடிப்பின் உச்சமாகக் கருதப்படுகிறது. படத்தின் பெயரான சீனச் சொல்லுக்குத் தேவதை என்றும் விலைமகள் என்றும் இரு பொருள் உண்டு. மகனைப் படிக்க வைப்பதற்காக உடலை விற்கும் தாயின் கதை இது. ருவான் இதில் அழுது புலம்புவதில்லை. முகத்தின் சிறு அசைவுகளும் நிற்கும் விதமுமே அப்பெண்ணின் களைப்பையும் பெருமிதத்தையும் காட்டுகின்றன. மிகை நடிப்பு வழக்கமாயிருந்த காலத்தில் இது அரிது.

புதிய பெண்களும் மரணமும்

1934ல் நடிகையும் எழுத்தாளருமான ஐ சியா தற்கொலை செய்துகொண்டார். அவரது வாழ்வைத் தழுவிச் சாய் சூஷெங் இயக்கிய படமே புதிய பெண்கள். பத்திரிகைகளின் அவதூறுக்கு ஆளாகி உயிர்விடும் ஆசிரியையாக ருவான் இதில் நடித்தார். 1935 பெப்ரவரியில் படம் வெளியானபோது, தாம் இழிவுபடுத்தப்பட்டதாகக் கூறிச் சாங்காய்ப் பத்திரிகையாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். நிறுவனம் மன்னிப்புக் கேட்டுச் சில காட்சிகளை நீக்கியது.

அவர்களின் சினம் ருவான் மீது திரும்பியது. சாங்கைப் பிரிந்திருந்த ருவான், அப்போது தாங் சீசான் என்ற தேயிலை வணிகருடன் வாழ்ந்து வந்தார். இதைக் காரணமாக்கிச் சாங் இருவர் மீதும் வழக்குத் தொடுத்தார். மலிவுப் பத்திரிகைகள் இவரது சொந்த வாழ்வை நாள்தோறும் விற்பனைச் செய்தியாக்கின. வழக்கு விசாரணைக்கு வரவிருந்த வேளையில், அனைத்துலகப் பெண்கள் நாளான மார்ச் 8 அன்று ருவான் தற்கொலை செய்துகொண்டார். இவர் எழுதியதாகத் தாங் வெளியிட்ட கடிதங்கள் பத்திரிகைகளைக் குற்றஞ்சாட்டின. பின்னர் அச்சான வேறு இரு கடிதங்கள் சாங்கையும் தாங்கையுமே பழித்தன. எவை உண்மையானவை என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இறுதி ஊர்வலத்தில் பெருந்திரளான மக்கள் கூடினர். எழுத்தாளர் லூ சுன், வலியோரிடம் அடங்கிப்போகும் பத்திரிகைகள் ருவான் போன்ற எளியோரிடம் மட்டும் வலிமை காட்டுகின்றன என்ற கருத்துப்படக் கட்டுரை எழுதினார்.

பிற்காலம்

ருவானின் பல படங்கள் அழிந்துவிட்டன. அழிந்ததாகக் கருதப்பட்ட காதலும் கடமையும் படத்தின் பிரதி 1990களில் உருகுவே நாட்டில் கிடைத்தது. ருவானின் வாழ்வை ஆங்காங் இயக்குனர் ஸ்டான்லி குவான் படமாக்கினார். அதில் ருவானாக நடித்த மேகி சியூங், 1992ல் பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான பரிசு பெற்றார்.