எழுத்தோடு விளையாடிய கணித விரிவுரையாளர்

கணிதம் படிப்பவருக்கு மொழி வராது, மொழி படிப்பவருக்குக் கணக்கு கசக்கும் என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. அப்பேச்சைப் பொய்யாக்கி வாழ்ந்தவர் சார்லஸ் லுட்விட்ஜ் டாட்ஜ்சன். இப்பெயரைச் சொன்னால் பலர் விழிப்பர். லூயிஸ் கரோல் என்றால் ஆலிஸ் என்னும் சிறுமியின் கதையை எழுதியவரல்லவா என்பர். இருவரும் ஒருவரே.

1832 சனவரி 27 ஆம் நாள், இங்கிலாந்தின் செஷயர் மாவட்டத்து டேர்ஸ்பரி என்னும் சிற்றூரில் பாதிரியார் ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தார். உடன்பிறந்தோர் பதின்மர். சிறுவயதிலேயே திக்குவாய். நாவில் சொல் தடுக்கிற்று. தாளிலோ தங்குதடையின்றி ஓடிற்று. 1851 இல் ஆக்ஸ்போர்டு கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்கு வந்த சில நாட்களிலேயே தாயை இழந்தார். துயரத்தைத் தாங்கிப் படித்து 1854 இல் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறினார். 1855 முதல் 1881 வரை அங்கேயே கணித விரிவுரையாளர். 1861 இல் திருச்சபையின் தொடக்கநிலைப் பட்டம் பெற்றவர் குருவாகாமலே நின்றுவிட்டார்; திக்குவாயும் அதற்கு ஒரு காரணம் என்பர்.

புனைபெயரே ஓர் எழுத்து விளையாட்டுத்தான். சார்லஸ் லுட்விட்ஜ் என்பதிலுள்ள பதினைந்து எழுத்துக்களையும் கலைத்து அடுக்கி, எட்கர் கத்வெல்லிஸ் என்றொரு பெயர் செய்தார். பின் இரு பெயர்களையும் இலத்தீனாக்கி, முன்பின்னாக மாற்றி, மீண்டும் ஆங்கிலமாக்கினார். அவ்வாறு பிறந்த லூயிஸ் கரோலையே 1856 இல் பத்திரிகை ஆசிரியர் எட்மண்ட் யேட்ஸ் தேர்ந்தெடுத்தார். ஆலிஸ் கதை 1865 இல் வெளிவந்தது. அதன் புகழை நாம் அறிவோம்.

நாம் அதிகம் அறியாதது அவருடைய சொல் விளையாட்டுக்களை. 1877 ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸின்போது பொழுது போகாதிருந்த இரு சிறுமியருக்காக ‘டப்ளெட்ஸ்’ என்னும் ஆட்டத்தை அமைத்தார். ஒரு முறைக்கு ஓர் எழுத்தை மட்டும் மாற்றி ஒரு சொல்லை வேறொன்றாக்க வேண்டும். தலையை வாலாக்குக என்பார்: ஹெட், ஹீல், டீல், டெல், டால், டெயில்! ஆறே சொற்களில் தலை வாலாகிவிடும்.

1880களின் தொடக்கத்தில் ‘மிஷ்மாஷ்’ வந்தது. இளமையில் தம் குடும்பத்தாருக்காக நடத்திய கையெழுத்து இதழின் பெயரையே இதற்கும் வைத்தார். ஒருவர் சில எழுத்துக்களைச் சேர்த்து ‘கரு’வாகத் தருவார், அவை அதே வரிசையில் அடுத்தடுத்து அமைந்த ஆங்கிலச் சொல்லை மற்றவர் கண்டறிய வேண்டும். ‘ஜி, பி’ என்பது கரு. இவ்விரண்டில் தொடங்கும் சொல்லைத் தேடினால் தலைவலிதான் மிஞ்சும். ஜி ஓர் அசையை முடித்து, பி அடுத்த அசையைத் தொடங்கினால்? ‘மேக்பை’ என்னும் பறவை வந்துவிடும். ‘ஐ, எம், எஸ், இ’ என்றால் ‘ஹிம்செல்ஃப்’. இரு பகுதிகள் கூடுமிடத்தில் தேடுவதே இதன் நுட்பம். மதிய இடைவேளையில் நண்பர்கள் ‘சி, கே, ஜி’ என்று முயன்று பார்க்கலாம், ‘பேக்கிரவுண்ட்’ கிடைக்கும்.

ஒருமுறை ஏ முதல் ஜி வரையுள்ள ஏழெழுத்தோடு ஐ சேர்த்து ஒரு சொல் கேட்டார். விடை ‘பிக்-ஃபேஸ்ட்’, அகன்ற முகமுடைய என்று பொருள். எழுத்துக்களைச் சதுரங்கப் பலகையில் நகர்த்திச் சொல்லாக்கும் ஆட்டம் ஒன்று செய்யலாமே என 1880 இல் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ‘ஸ்கிராபிள்’ விற்பனைக்கு வந்ததோ 1948 இல்!

இவையெல்லாம் வேலையற்றவரின் வேடிக்கையா? அப்படி எண்ணிவிடலாகாது. 1868 இல் தந்தை மறைந்தபின் மணமாகாத சகோதரியரின் பொறுப்பை ஏற்று, கில்ஃபோர்டில் அவர்களுக்கு வீடு அமர்த்தினார். இரவில் உறக்கம் வராது. வேண்டாத எண்ணங்கள் வந்து மொய்க்கும். அவற்றை விரட்டவே படுக்கையில் கிடந்தபடி, தாளும் பேனாவுமின்றி மனத்திலேயே கணக்குகள் போட்டார். அப்படிப் பிறந்த 72 கணக்குகள் 1893 இல் நூலாயின. உறக்கமற்ற இரவுகள் என்று அந்நூலின் தலைப்பில் கண்ட நண்பர்கள் கவலையுற, மறுபதிப்பில் விழித்திருந்த நேரங்கள் என்று மாற்றினார். பிறர் கவலைப்படுவதுகூட அவருக்குப் பொறுக்கவில்லை போலும்.

அனுப்பிய, பெற்ற கடிதங்களுக்கெல்லாம் பதிவேடு வைத்திருந்தார். இறுதி எண் 98,721. ஆயினும் லூயிஸ் கரோல் என்று முகவரியிட்டு வந்த முன்பின் அறியாதாரின் கடிதங்களை ஏற்க மறுத்தார். 1898 சனவரி 14 இல், 66 வயது நிறைய இரு வாரங்களே இருக்கையில், நுரையீரல் அழற்சியால் கில்ஃபோர்டில் காலமானார். அங்குள்ள அவர் கல்லறையில் இரு பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன.