தேனீக்களின் வேர்களைத் தேடிய துறவி

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் மாவட்டத்தில் பக்ஃபாஸ்ட் என்னும் ஊரில் பெனடிக்டின் சபைத் துறவிகளின் மடம் ஒன்று உள்ளது. அந்த மடத்துக்குச் சொந்தமான 46 தேனீக் குடும்பங்களில் 1916-ஆம் ஆண்டு எஞ்சியவை 16 மட்டுமே. வைட் தீவில் தோன்றிப் பிரிட்டன் எங்கும் பரவிய கொள்ளைநோய் ஏனையவற்றைக் கொண்டுபோனது. பறக்கும் ஆற்றலை இழந்த தேனீக்கள் பெட்டிகளின் வாயிலில் ஊர்ந்து ஊர்ந்து மடிந்தன. மூச்சுக்குழலில் வாழும் நுண்ணிய உண்ணியே காரணம் என்று 1921-இல் அறிவிக்கப்பட்டது. வைரஸும் காரணமாக இருந்திருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர் சிலரின் கருத்து.

பிழைத்த 16 குடும்பங்களுக்கும் ஓர் ஒற்றுமை இருந்தது. அவை இத்தாலியத் தேனீயின் வழிவந்தவை, அல்லது அதனோடு கலந்தவை. உள்ளூர்க் கறுப்புத் தேனீக்களோ அந்தப் பண்ணையில் அடியோடு மறைந்தன. இந்த வேறுபாட்டைக் கூர்ந்து கவனித்தவர், பதினெட்டு வயதுகூட நிறையாத ஓர் இளம் துறவி. தேனீ வளர்ப்போர் உலகெங்கும் இன்றும் போற்றும் சகோதரர் ஆடம் அவர்தாம்.

அவருடைய இயற்பெயர் கார்ல் கேர்லே. ஜெர்மனியின் தென்பகுதியில் மிட்டல்பிபெராக் என்னும் சிற்றூரில் 1898 ஆகஸ்ட் 3 அன்று பிறந்தார். 1910-இல், பதினொரு வயதில், தாயின் விருப்பப்படி பக்ஃபாஸ்ட் மடத்துக்கு வந்து சேர்ந்தார். அப்போது துறவிகள் தம் கையாலேயே கல் அடுக்கி மடத்தின் தேவாலயத்தை மீண்டும் எழுப்பிக் கொண்டிருந்தார்கள். கல் சுமக்க உடல் இடம் தராததால் 1915-இல் அவரைத் தேனீப் பண்ணைக்கு உதவியாளராக அனுப்பினார்கள். 1919-இல் பண்ணையின் முழுப் பொறுப்பும் அவரிடம் வந்தது. அடுத்த 70 ஆண்டுகளுக்கு மேல் அவர் அந்தப் பணியை விடவில்லை.

அவர் செய்தது என்ன என்பதை அறியத் தேனீயின் பிறப்பியலைச் சற்றே தெரிந்துகொள்ள வேண்டும். கருவுறாத முட்டையிலிருந்து ஆண் தேனீ பிறக்கிறது. அதற்குத் தந்தை இல்லை. கருவுற்ற முட்டையிலிருந்து பணித்தேனீயும் இராணியும் பிறக்கின்றன. பாலினத்தைத் தீர்மானிக்கும் மரபணு, தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வேறுவேறு வடிவில் வந்தால்தான் பெண் பிறக்கும். நெருங்கிய உறவுக்குள் இணைசேர்ந்து இரண்டும் ஒரே வடிவமாக அமைந்துவிட்டால், கருவுற்ற அந்த முட்டையும் பயனற்ற ஆணாகவே மாறும். அத்தகைய புழுக்களைப் பணித்தேனீக்களே தின்று அகற்றிவிடும். அடையில் ஆங்காங்கே வெற்று அறைகள் தெரியும், குடும்பம் மெலியும். அகமணத்துக்கு இயற்கை இவ்வளவு கடுமையான தண்டனை விதித்திருக்கும் உயிரினங்கள் சிலவே.

அதனாலேயே இராணி கூட்டைவிட்டு வெகுதொலைவு பறந்து சென்று, வானில் பன்னிரண்டு அல்லது அதற்கும் மேற்பட்ட ஆண்களோடு இணைகிறது. ஒரே தாயின் பிள்ளைகளாயினும் பல தந்தையர் வழிவந்த உட்கிளைகள் ஒரு பெட்டிக்குள் சேர்ந்து வாழ்கின்றன. ஒரு கிளை சிறிது வெப்பம் கூடியதுமே சிறகால் விசிறத் தொடங்கும். இன்னொன்று சற்றுப் பொறுத்தே தொடங்கும். இந்த வேறுபாட்டால் கூட்டின் வெப்பநிலை ஒரே சீராக நிற்கிறது. பல தந்தையர் கொண்ட குடும்பங்கள் நோயைத் தாங்குவதிலும் உணவு சேர்ப்பதிலும் முந்துகின்றன என்பதை ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன.

வானில் நிகழும் இந்த இணைவை வளர்ப்பவரால் கட்டுப்படுத்த இயலாது. ஆடம் அதற்கு ஒரு வழி கண்டார். 1925-இல், மடத்துக்கு அருகிலுள்ள டார்ட்மூர் மேட்டுநிலத்தில், வேறு தேனீக்களே இல்லாத தனித்த ஓரிடத்தில் இணைசேர்க்கை நிலையம் ஒன்றை அமைத்தார். தாம் தேர்ந்த இராணிகளையும் ஆண்களையும் மட்டும் அங்கே கொண்டு சென்றார். இவ்வாறு உருவாகிய இனமே பக்ஃபாஸ்ட் தேனீ. சாந்த குணம், மிகுந்த உழைப்பு, கூட்டைப் பிரித்துக்கொண்டு பறந்துவிடாத இயல்பு ஆகியவை அதன் சிறப்புகள்.

பிறர் இந்த இடத்தில் நிறைவுகொண்டு நின்றிருப்பார்கள். ஆடமோ தம் இனத்துக்குள்ளேயே சுழன்றால் அது நலியும் என்பதை உணர்ந்திருந்தார். 1950-இல், 50 வயதைக் கடந்த பின், பயணம் புறப்பட்டார். பிரான்ஸ், இத்தாலி, அல்ஜீரியா, இஸ்ரேல், சைப்ரஸ், கிரீஸ், துருக்கி, எகிப்து எனப் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பல கட்டங்களாகத் திரிந்தார். சிற்றூர்களில் மண்குழாயிலும் மரப்பொந்திலும் வளர்ந்துவந்த தேனீக்களைத் தேடினார். ஒவ்வொரு வட்டாரத்தின் இராணிகளையும் சிறு கூண்டுகளில் இட்டு மடத்துக்கு அனுப்பினார். துருக்கியின் அனடோலியத் தேனீயின் சிக்கனத்தையும் கடுங்குளிரைத் தாங்கும் திறனையும் பெரிதும் மதித்தார். 1987-இல், ஏறத்தாழ 90 வயதில், கிளிமஞ்சாரோ மலைச்சரிவின் தேனீயைத் தேடி ஆப்பிரிக்காவுக்கும் சென்றார்.

பொருளியலைப் பல்லாண்டுகள் கற்பித்த என்னை இவரது வாழ்க்கை ஈர்ப்பதற்குக் காரணம் உண்டு. தேனீயின் மரபுவளம் தனியார் சொத்தாக இருக்க இயலாத ஒன்று. என் பெட்டியின் இராணி, அடுத்த தோட்டத்து ஆண் தேனீக்களோடுதான் இணையும். அண்டை அயலாரின் பெட்டிகளில் பன்மை இருந்தால் எனக்கும் நன்மை. அங்கே அது சுருங்கினால் நானும் நலிவேன். ஊர்ப் பொதுக்குளத்தைப் போன்றது அது. ஆனால், வளர்ப்பவர் ஒவ்வொருவரும் இந்த ஆண்டு மிகுதியாகத் தேன் தரும் இராணியையே விலைக்கு வாங்குகிறார். அந்த இராணிகளும் ஒரு சில தாய்களின் மகள்களாகவே பெருக்கப்படுகின்றன. ஒவ்வொருவரின் முடிவும் அவரவர் அளவில் அறிவார்ந்ததே. அனைத்தும் சேரும்போது பொதுக்குளம் வற்றுகிறது. அடுத்த கொள்ளைநோய் வரும்வரை அந்த இழப்பு எவருடைய கணக்கேட்டிலும் பதிவாவதில்லை.

ஆடத்தின் பணியிலும் குறை காண்பார் உண்டு. பிரிட்டனின் கறுப்புத் தேனீ முற்றிலும் அழிந்துவிட்டது என்றே அவர் நம்பினார். அது சில இடங்களில் எஞ்சியிருந்தது பின்னாளில் தெரியவந்தது. ஸ்காட்லாந்தின் கொலன்சே தீவில் இன்று சட்டத்தின் துணையோடு அது காக்கப்படுகிறது. புகழ்பெற்ற ஒரு கலப்பினம் எல்லா நாடுகளுக்கும் பரவினால், அந்தந்த மண்ணுக்குப் பழகிய தேனீக்கள் அதனோடு கலந்து தம் தனித்தன்மையை இழக்கும் என்பதும் நியாயமான அச்சமே. ஆயினும், அத்தகைய வட்டார இனங்களின் அருமையை நாடு நாடாகச் சென்று பதிவுசெய்தவரும் அவரே. மூலங்கள் அழிந்தால் கலப்பதற்கே ஒன்றும் இராது என்பதை அவரைவிட நன்றாக உணர்ந்தவர் யார்?

அவருடைய இறுதி ஆண்டுகள் நமக்குப் பாடமாக அமைந்தவை. பிரிட்டிஷ் அரசின் விருதும் பல்கலைக்கழகங்களின் கௌரவ டாக்டர் பட்டங்களும் அவரைத் தேடி வந்தன. ஆனால், பண்ணையின் நோக்கம் தேன் உற்பத்தியே, செலவு மிகுந்த ஆய்வு வேண்டியதில்லை என்று மடத்தின் தலைமை கருதியது. 1992 பிப்ரவரியில், 93 வயதில், ஆடம் தம் பொறுப்பைத் துறந்தார். மடத்தைக் குறைகூறிப் பயனில்லை. வரவு செலவை நோக்கும் எந்த நிர்வாகமும் அப்படித்தான் முடிவெடுத்திருக்கும். அதே 1992-இல்தான் வர்ரோவா என்னும் ஒட்டுண்ணி பிரிட்டனில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதுவும் அவர் வாழ்ந்த டெவன் மாவட்டத்திலேயே. நோய்தாங்கும் மரபுகளைத் தேடும் தேவை மிகுந்த வேளையில், அந்தத் தேடலையே வாழ்வாகக் கொண்டவர் ஒதுங்கியிருந்தார். 1996 செப்டம்பர் 1 அன்று மறைந்தார்.

இக்கதை நமக்கு அந்நியமானதன்று. கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் தொடங்கிய ஊரகச் சீரமைப்புப் பணியின் பயனாகத் தேனீ வளர்ப்பு அங்கே குடிசைத் தொழிலாக வேரூன்றியது. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியாவைத் தாக்கியது. புழுக்கள் நீர்ப்பை போல் வீங்கி அறைகளிலேயே மடிந்தன. ஆயிரக்கணக்கான இந்தியத் தேனீப் பெட்டிகள் வெறுமையாயின. அவற்றை நம்பியிருந்த குடும்பங்கள் வருமானம் இழந்தன. பலர் இத்தாலியத் தேனீக்கு மாறினார்கள். நோயைத் தாங்கிப் பிழைத்த இந்தியத் தேனீக் குடும்பங்களிலிருந்துதான் நம் இனம் மீண்டும் தழைத்தது. 1916-இல் பக்ஃபாஸ்டில் நிகழ்ந்ததும் இதுவே.

பிழைத்தவற்றைப் பெருக்குவது முதற்படி மட்டுமே. ஒன்றிரண்டு சிறந்த பெட்டிகளிலிருந்தே எல்லா இராணிகளையும் வளர்த்தால் அடித்தளம் மேலும் குறுகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளிலும் சமவெளியின் மரப்பொந்துகளிலும் வாழும் இந்தியத் தேனீக்களின் வேறுபாடுகளை ஆராய்ந்து பேணுவதும், பல தாய்களிலிருந்து இராணிகளை வளர்த்து வழங்குவதும், வட்டாரந்தோறும் இணைசேர்க்கைக்கு உரிய தனியிடங்களை ஒதுக்குவதும் அரசும் வேளாண் பல்கலைக்கழகங்களும் ஏற்க வேண்டிய கடமைகள். சந்தை இவற்றைச் செய்யாது. தனி விவசாயியால் இவற்றைச் செய்ய இயலாது.

மா, முருங்கை முதல் பூசணி, எள், ஏலம் வரை நம் விளைச்சலில் தேனீக்கு உள்ள பங்கை நோக்கினால், இதற்காகும் செலவு ஒரு காப்பீட்டுத் தவணைதான். நோய் வராத ஆண்டில் அது வீண்செலவாகத் தோன்றலாம். நோய் வந்த ஆண்டில், முன்பே தவணை செலுத்தியவருக்கே தேனீக்கள் எஞ்சியிருக்கும்.