நகையை விற்றுக் கட்டிய சமாதி



இலவசம் என்றால் நமக்கெல்லாம் ஒரு குஷிதான். ஆனா எந்த இலவசத்துக்கும் பின்னாடி யாரோ ஒருத்தர் கையிலிருந்து போன காசு இருக்கு. திருவையாற்றில் வருஷா வருஷம் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. பெரிய பெரிய வித்வான்கள் சன்மானம் வாங்காமல் பாடுகிறார்கள். கேட்பவருக்கு டிக்கெட் கிடையாது. அந்த இடத்துக்காகத் தன் சொத்தையே கொடுத்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

இவர் 1878-இல் மைசூர் அருகே நஞ்சன்கூட்டில் தேவதாசி குலத்தில் பிறந்தார். கைவிடப்பட்ட தாய் புட்டலட்சுமி, எப்படியாவது மகளைப் படிக்க வைக்கணும் என்று பிடிவாதமாக இருந்தார். பாட்டோடு கன்னடம், தெலுங்கு, சமஸ்கிருதம் எல்லாம் மகளுக்குக் கற்பித்தார். சிறு வயதிலேயே அந்தத் தாயும் போய்விட்டார். இருந்தும் மகள் தளரவில்லை. சென்னைக்கு வந்து புகழின் உச்சிக்குப் போனார். 1905 முதல் 1934 வரை பல ஊர்களில் 1235 கச்சேரிகள் செய்ததாகக் கணக்கு இருக்கிறது. அதில் வந்த காசுதான் நம்ம கதைக்கு முக்கியம்.

தியாகராஜர் மறைந்தது 1847-இல். 1921-இல் அவருடைய சமாதி பாழடைந்து கிடப்பதாகக் குரு பிடாரம் கிருஷ்ணப்பா எழுதிய கடிதம் அம்மையாருக்கு வந்தது. உடனே திருவையாறு போய்ப் பார்த்தார். நிலத்தை வாங்கினார், நகைகளை விற்றார், கட்டடத்தைத் தொடங்கினார். 1926 ஜனவரியில் கும்பாபிஷேகம் நடந்தது. நான் சிவில் படிக்கிறேன், அப்பா கொத்தனார். ஒரு சின்னச் சுவர் எழுப்பவே எத்தனை செலவு ஆகும்னு எங்க வீட்ல தெரியும். ஒரு பெண், தனியாக, அந்தக் காலத்தில்!

இதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. அங்கே ஆராதனை நடத்திய பெரிய கட்சி, சின்னக் கட்சி இரண்டுமே பெண்களைப் பாட விடவில்லை. கோயில் கட்டிய கை வேணும், பாடும் குரல் வேண்டாமாம்! இது எந்த ஊர் நியாயம்? அம்மையார் கோபித்துக்கொண்டு ஊர் திரும்பவில்லை. பெண் கலைஞர்களைக் கூட்டி 1927-இல் பெண்கள் கட்சியாகத் தனி ஆராதனை தொடங்கிவிட்டார். 1940-களின் தொடக்கத்தில் மூன்று கட்சிகளும் ஒன்றாயின. அதன் பிறகு ஆணும் பெண்ணும் ஒரே ஆராதனையில் பாடினார்கள்.

கடைசிக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்தார். 1949-இல் உயில் எழுதி, சொத்தை அறக்கட்டளைக்கு வைத்தார். சமாதியில் பெண்களுக்கும் வழிபடும் உரிமை வேண்டும் என்பதை அதிலேயே நிபந்தனையாக வைத்தார். கொடுப்பது மட்டும் போதாது, கொடுத்தது எல்லோருக்கும் போய்ச் சேர வழியும் செய்யணும் என்ற புத்தி அது. 1952-இல் மறைந்தார். தியாகராஜர் சன்னிதிக்கு எதிரிலேயே அவருக்கும் சமாதி இருக்கிறது.

நண்பர்களே, எங்க குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். எனக்கு முன்னால் யாரோ கொடுத்ததால்தான் இந்த வகுப்பில் பெஞ்சு கிடைத்தது. நாளைக்கு நாமும் சம்பாதிப்போம். முதல் சம்பளத்தில் சட்டை எடுப்போம், தப்பில்லை. அதில் ஒரு பங்கு நம்ம ஊர் நூலகத்துக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ போகட்டும். அதன் கதவு யாருக்கும் சாத்தாமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வோம்!